அமைதியாகக் கிடக்கும் குழந்தைக்கு வலி பூஜ்யம் என்று எழுதலாமா? (மருத்துவமனையில் குழந்தைகளுக்கான வலி நீக்கமும் உறக்க மருந்தும்)

வார்டு செவிலி:

வணக்கம். நான் குழந்தைகள் அறுவை வார்டில் பணிபுரிகிறேன். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது எங்கள் வார்டில் நிலவும் ஒரு வழக்கத்தைப் பற்றி இங்குள்ள மருத்துவர்களிடமும் செவிலியரிடமும் கருத்துக் கேட்க விரும்புகிறேன்.

கட்டுப் பிரிப்பதற்கு அரை மணி முன்பு குழந்தைக்கு மிடாசோலம் என்னும் உறக்க மருந்து வாய்வழியாகக் கொடுக்கப்படுகிறது. குழந்தை கண் சொருகிச் சோர்ந்ததும் கட்டைப் பிரித்து, காயத்தைக் கழுவி, புதுக் கட்டுப் போட்டுவிடுகிறோம். பெரும்பாலான குழந்தைகள் முனகுவதோடு சரி. சிலர் கையை இழுத்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் வலிப் பதிவேட்டில் பூஜ்யம் என்று எழுதப்படுகிறது. ஆனால் அதே குழந்தைகள் அடுத்த முறை கட்டுமாற்றும் அறையின் வாசலைப் பார்த்ததுமே அலறுகிறார்கள். எதுவும் வலிக்கவில்லை என்றால் இந்த அலறல் எங்கிருந்து வருகிறது?

இரண்டு விஷயங்களில் தெளிவு வேண்டும். உறக்க மருந்து கொடுக்கப்பட்ட குழந்தையின் வலியை உங்கள் இடங்களில் எப்படி அளக்கிறீர்கள்? வலி நீக்கும் மருந்து, உறக்க மருந்து இரண்டில் எதை முதலில் திட்டமிடுகிறீர்கள்?

---

மயக்கவியல் மருத்துவர்:

மிடாசோலத்துக்கு வலியைக் குறைக்கும் ஆற்றல் கிடையாது. அது பதற்றத்தைத் தணிக்கும், உறக்கம் தரும், மருந்து ஏறிய பிறகு நடப்பது நினைவில் தெளிவாகப் பதியாமல் தடுக்கும். வலி மட்டும் அப்படியே இருக்கும். குழந்தை முனகுவதையும் கையை இழுத்துக்கொள்வதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவை வலியின் அடையாளங்கள்தாம். நடந்ததைக் கோவையாகச் சொல்ல அந்தக் குழந்தையால் முடியாமற்போகலாம், ஆனால் அச்சம் வேறு தடத்தில் பதிந்துவிடுகிறது. வாசலில் எழும் அலறலுக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பச்சிளங்குழந்தையின் நரம்பு மண்டலம் முதிரவில்லை, எனவே அதற்கு வலி பெரிதாகத் தெரியாது என்ற நம்பிக்கை 1980கள் வரை மருத்துவத்தில் பரவலாக இருந்தது. நைட்ரஸ் ஆக்சைடு என்னும் லேசான மயக்க வாயுவும் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தும் மட்டும் கொடுத்துக் குறைமாதக் குழந்தைகளுக்கு இதயத்தையொட்டிய அறுவை சிகிச்சைகள்கூடச் செய்யப்பட்டன. 1987இல் ஆனந்தும் அவருடைய சகாக்களும் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, அத்தகைய அறுவையின்போது ஃபென்டனில் என்னும் வலிமருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் உடலில் அழுத்த (ஸ்ட்ரெஸ்) ஹார்மோன்களின் எழுச்சி குறைந்ததையும், அறுவைக்குப் பிந்திய சிக்கல்கள் குறைந்ததையும் காட்டியது. அசையாமல் கிடந்த உடல்கள் எவ்வளவு பாடுபட்டன என்பதை இரத்தத்தில் அளந்த பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது. சர்வதேச வலி ஆய்வுக் கழகமும் 2020இல் திருத்திய தன் வரையறையின் குறிப்புகளில், வாய்விட்டுச் சொல்ல இயலாமை வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை: வலி முதலில், அச்சம் அடுத்து, உறக்கம் கடைசியில். வலியை நன்றாகக் குறைத்துவிட்டால் தேவைப்படும் உறக்க மருந்தின் அளவு தானாகக் குறையும். வலியை விட்டுவிட்டு உறக்க மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், காயத்தைத் தொடும்வரை ஆழ்ந்து கிடக்கும் குழந்தை தொட்டதும் திமிறும்; மேலும் மருந்து ஏற்றப்படும்; வேலை முடிந்து வலித் தூண்டல் நின்றதும் அத்தனை மருந்தும் சேர்ந்து மூச்சை அமுக்கும். கட்டுமாற்றும் நேரத்தைவிட அதற்குப் பின்வரும் அரை மணி நேரம் ஆபத்தானது என்று நான் பயிற்சி மருத்துவர்களிடம் சொல்வதுண்டு.

முதல் கேள்விக்கு: ஆழ்ந்து உறங்கும் குழந்தைக்குப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். 'மருந்து மயக்கத்தில் உள்ளது, மதிப்பிட இயலவில்லை' என்று எழுதுங்கள். கூடவே இதயத்துடிப்பு எவ்வளவு உயர்ந்தது, புருவம் நெரிந்ததா, கை கால் இழுபட்டதா என்பதையும் நேரத்தோடு குறியுங்கள். 1997இல் வெளியான ஃபிளாக் அளவுகோல் முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் தேறும் தன்மை என்னும் ஐந்தையும் பார்த்துப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் தருகிறது. அந்த ஐந்தையுமே உறக்க மருந்து மழுக்கிவிடும் என்பதால், உறங்கும் குழந்தையிடம் அது தரும் பூஜ்யத்துக்குப் பெரிய பொருள் கிடையாது.

---

பழைய கை:

மேலே எழுதப்பட்டவற்றை மறுக்கவில்லை, ஆனால் களநிலையையும் பேச வேண்டும். ஒரு செவிலியர் பல படுக்கைகளைப் பார்க்கும் வார்டில், ஊசி குத்துவதற்கும் ஒரு தையலைப் பிரிப்பதற்கும் இவ்வளவு ஏற்பாடு செய்ய முடியாது. குழந்தையை இருவர் உறுதியாகப் பிடித்துக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்; சற்று நேரத்தில் குழந்தை அழுகையை மறந்து விளையாடப் போய்விடும். இன்னொன்று, வயிற்றுவலியோடு வரும் குழந்தைக்கு வலிமருந்து கொடுத்தால் நோயின் அறிகுறி மறைந்துபோகும் என்றுதான் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. மருந்து கொடுக்காமல் இருப்பதிலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது.

---

வார்டு செவிலி:

பழைய கை ஐயா அவர்களுக்கு, ஆள் பற்றாக்குறையைப் பற்றி நீங்கள் சொல்வதை நாள்தோறும் அனுபவிப்பவள் என்ற முறையிலேயே பதில் எழுதுகிறேன். 'மறந்து விளையாடப் போய்விடும்' என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. புற்றுநோய்க்காக முதுகுத்தண்டு நீரும் எலும்பு மஜ்ஜையும் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்ட குழந்தைகளிடம் வைஸ்மனும் சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முதல் முறை வலிமருந்து இல்லாமல் செய்யப்பட்ட சிறு குழந்தைகள், அடுத்தடுத்த முறைகளில் உரிய மருந்து கொடுக்கப்பட்ட பிறகும், முதலிலேயே மருந்து பெற்றவர்களைவிட அதிக வலியைத் தெரிவித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு டாடியோவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், பிறந்த சில நாட்களில் மரத்துப்போகும் களிம்பு இல்லாமல் முன்தோல் நீக்கப்பட்ட ஆண் குழந்தைகள் நான்கு முதல் ஆறு மாத வயதில் தடுப்பூசி போடும்போது கூடுதலாகத் துடித்தது பதிவாகியிருக்கிறது. ஆக, முதல் முறை மிச்சப்படுத்திய இரண்டு நிமிடத்தை ஒவ்வொரு மறுமுறையிலும் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்கிறோம். பயந்துபோன குழந்தைக்கு இரத்தக்குழாய் கிடைக்காமல் மூன்று இடங்களில் குத்தும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஊசிக்கு முன் செய்யக்கூடிய எளிய காரியங்களுக்குத் தனி ஆள் வேண்டியதில்லை, முன்யோசனை போதும். லிடோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் கலந்த களிம்பு வேலைசெய்ய ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். அமெத்தோகெய்ன் களிம்புக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம். மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதியவுடனே களிம்பைத் தடவி மூடிவைத்துவிட்டால், ஊசியோடு போகும்போது தோல் மரத்திருக்கும். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து அமுக்குவதைவிடத் தாயின் மடியில் நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்து, ஒரு கையை மட்டும் வெளியே நீட்டச் செய்தால் அசைவும் கட்டுப்படுகிறது, பயமும் குறைகிறது. படுக்கவைத்ததுமே பாதி அழுகை தொடங்கிவிடுவதைக் கவனித்தவர்களுக்கு இது புரியும்.

---

மயக்கவியல் மருத்துவர்:

வயிற்றுவலி பற்றிய பழைய பாடத்தை நானும் படித்தவன்தான். கையால் தடவிப் பார்த்தே நோயறிந்த காலத்தின் எச்சரிக்கை அது. குடல்வால் அழற்சி என்று ஐயப்பட்ட குழந்தைகளுக்கு மார்பின் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் நோயறிதல் அதனால் கெட்டுப்போகவில்லை. வலி தணிந்த குழந்தை வயிற்றை இறுக்கிக்கொள்ளாமல் பரிசோதனைக்கு ஒத்துழைக்கிறது என்பதே என் அனுபவமும்.

ஆனால் 'மருந்து கொடுக்காமல் இருப்பதிலும் ஒரு பாதுகாப்பு' என்பதில் பாதி உண்மை இருக்கிறது, அதைத் தள்ளிவிடக் கூடாது. வலிமருந்துக்கு அந்தச் சொற்றொடர் பொருந்தாது; ஆழ்ந்த உறக்கத்துக்குப் பொருந்தும். லேசான அமைதி, மிதமான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், முழு மயக்கம் என்று நாம் நான்காகப் பிரித்துப் பேசுகிறோம். குழந்தையின் உடல் அந்தக் கோடுகளை மதிப்பதில்லை. மிதமான உறக்கம் என்று எண்ணிக் கொடுத்த மருந்தில் குழந்தை ஆழ்ந்த நிலைக்குச் சரிந்துவிடும். எனவே எந்த நிலையைக் குறிவைக்கிறோமோ அதற்கு அடுத்த ஆழமான நிலையிலிருந்தும் மீட்கத் தெரிந்தவர் அந்த அறையில் இருக்க வேண்டும். கட்டுமாற்றும் கைகளுக்கு உரியவர் வேறு, மூச்சைக் கவனிப்பவர் வேறு. ஆழ்ந்த உறக்கம் கொடுக்கும் இடத்தில் ஒரே ஆள் இரண்டையும் பார்க்க நேர்ந்தால் அந்த வேலையை அன்று செய்யாதிருப்பதே நல்லது. ஆக்சிஜன், உறிஞ்சுகுழாய், குழந்தையின் முகத்துக்கேற்ற முகமூடியும் பையும், ஓபியாய்டின் (மார்பின் வகை வலிமருந்தின்) விளைவை முறிக்கும் நலாக்சோன், மிடாசோலத்தின் விளைவை முறிக்கும் ஃபுளுமாசெனில் ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இன்னொரு மாடியிலிருக்கும் அலமாரியில் அல்ல. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி மூச்சு நின்றதைத் தாமதமாகவே சொல்லும், அதுவும் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் தாமதமாகச் சொல்லும். வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கருவி உடனே காட்டிக்கொடுக்கும்.

செவிலி அம்மையார் கேட்ட கட்டுமாற்றத்துக்கு வருகிறேன். பாரசிட்டமால் உரிய நேரத்தில் ஏற்கெனவே ஏறியிருக்க வேண்டும். அதன்மேல் வாய்வழி மார்பின் அல்லது, இரத்தக்குழாயில் ஊசி போடப்படாத குழந்தையாக இருந்தால், மூக்கில் தெளிக்கும் ஃபென்டனில், கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம் என்பது வழக்கமான தொடக்க அளவு, ஐந்து முதல் பத்து நிமிடத்தில் வேலைசெய்யும். ஒத்துழைக்கும் வயதுக் குழந்தைக்கு நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சம அளவில் கலந்த வாயு மிக உதவும். நெஞ்சுக்கூட்டில் காற்றுத் தேங்கியிருந்தாலோ குடல் அடைப்பு இருந்தாலோ அதைத் தொடக் கூடாது. பெரிய காயம் என்றால் கெட்டமைன். 1962இல் உருவாக்கப்பட்டு 1970இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இந்த மருந்துக்கு வலியை நீக்குவதும் விழிப்புநிலையைத் துண்டிப்பதும் சேர்ந்தே இருப்பதால், கட்டுமாற்றத்துக்கு இவ்வளவு பொருத்தமான தனிமருந்து வேறு இல்லை என்பது என் எண்ணம். மூச்சும் பெரும்பாலும் தொடர்கிறது. எச்சில் கூடும், விழிக்கும்போது வாந்தியும் கலக்கமும் வரலாம், அரிதாகக் குரல்வளை இறுகிக்கொள்ளும். அந்த அரிய தருணத்தைக் கையாளத் தெரிந்தவரே அதைக் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது உகந்ததல்ல.

---

ஒரு தாய்:

மருத்துவத் துறையைச் சேராதவள் இடையில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் மகளுக்கு முதுகில் ஊசிபோட்டு மருந்து செலுத்துகிறார்கள். மூன்று விஷயங்கள் எனக்கு உறுத்துகின்றன. மார்பின் கொடுத்தால் பிள்ளை அதற்கு அடிமையாகிவிடுவாளோ? ஒவ்வொரு முறையும் மயக்கம் கொடுப்பதால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுமா? காலையில் நடக்கவேண்டிய சிகிச்சை பிற்பகலுக்குத் தள்ளிப்போகிறது. அதுவரை ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். ஊசியைவிட அந்தத் தாகத்துக்கே அவள் அதிகம் அழுகிறாள்.

---

மயக்கவியல் மருத்துவர்:

அம்மா, கடைசியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உடனே மாற்றக்கூடியது அதுதான். திட உணவு ஆறு மணி நேரம், தாய்ப்பால் நான்கு மணி நேரம், தெளிந்த நீர் இரண்டு மணி நேரம் என்பதே நெடுங்காலம் பின்பற்றப்பட்ட கணக்கு. 2022இல் வெளியான ஐரோப்பிய மயக்கவியல் கழகத்தின் வழிகாட்டுதல் குழந்தைகளுக்குத் தெளிந்த நீரை ஒரு மணி நேரம் முன்புவரை அனுமதிக்கிறது. தாய்ப்பாலை மூன்று மணி நேரம் முன்புவரையும். 'நள்ளிரவு முதல் ஒன்றும் கூடாது' என்பதற்குக் குழந்தைகளிடத்தில் நியாயம் இல்லை. சிகிச்சை தள்ளிப்போகிறது என்று தெரிந்த அந்தக் கணமே, 'இப்போது தண்ணீர் கொடுக்கலாமா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். வயிறு மெதுவாகக் காலியாகும் நோய் இல்லாத குழந்தைக்குப் பெரும்பாலும் விடை 'கொடுக்கலாம்' என்றே இருக்கும். கேட்கத் தயங்காதீர்கள், அந்தக் கேள்வி யாரையும் குறைசொல்வது ஆகாது.

மூளை பற்றிய அச்சம் நியாயமானது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் விடுத்த எச்சரிக்கை, மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கத்தையும் திரும்பத் திரும்பக் கொடுக்கப்படும் மயக்கத்தையும் பற்றியது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒற்றை மயக்கம் பற்றி நல்ல சான்று இருக்கிறது. கைக்குழந்தைகளின் குடலிறக்க அறுவையை முழு மயக்கத்திலும், விழித்திருக்கையில் உடலின் கீழ்ப்பகுதியை மட்டும் மரக்கச்செய்தும் நடத்தி ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. ஐந்து வயதில் அறிவுத்திறனில் வேறுபாடு தெரியவில்லை. உங்கள் மகளுக்குப் பலமுறை தேவைப்படுவதால் அந்த ஆய்வை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும் மயக்கம் அது. அடுத்த தட்டில் விழித்த நிலையில் முதுகெலும்பில் ஊசி குத்தப்படும் வலியையும், அசைந்தால் ஊசி தவறும் ஆபத்தையும் வைத்துப் பாருங்கள். அவள் சிகிச்சையைப் பார்ப்பவரிடம், 'ஒரே மயக்கத்தில் எத்தனை வேலையைச் சேர்த்து முடிக்க முடியும்?' என்று கேட்பது பயனுள்ளது.

---

ஐசியு இரவுப்பணி:

மார்பின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதன் இருபக்கத்தையும் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்க்கிறோம்.

அடிமைத்தனம் என்பது தீங்கு என்று அறிந்தும் மருந்தைத் தேடி ஓடும் நடத்தை. வலிக்காக மருத்துவர் கண்காணிப்பில் சில நாட்கள் மார்பின் பெறும் சிறுமிக்கு அந்த அச்சம் பெரிதாகத் தேவையில்லை. உடல் பழகிக்கொள்வது என்பது வேறு. ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ச்சியாக ஓபியாய்டோ மிடாசோலமோ ஓடிய குழந்தைக்கு அதைச் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, வாந்தி, பேதி, காய்ச்சல், தூக்கமின்மை, தேற்ற முடியாத அழுகை ஆகியவை வரும். இது உடலியல் விளைவு. படிப்படியாகக் குறைத்தால் தவிர்க்கலாம். நாளொன்றுக்குப் பத்து முதல் இருபது விழுக்காடு என்று குறைப்பது பரவலான வழக்கம். நெடுநாள் ஓடியிருந்தால் இன்னும் மெதுவாகக் குறைப்போம். வாட்-1 என்னும் பன்னிரண்டு மதிப்பெண் அளவுகோலில் மூன்றும் அதற்கு மேலும் வந்தால் மருந்து விலகலின் அறிகுறி என்று கொள்கிறோம்.

இங்கு எனக்குத் தோழர் மயக்கவியல் மருத்துவரோடு ஒரு சிறு மாறுபாடு. 'உறக்கம் கடைசியில்' என்ற வரிசை கட்டுமாற்றத்துக்குச் சரி. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். அங்கே எங்கள் தவறு எதிர்த்திசையில் இருக்கிறது: குழாயைப் பிடுங்கிவிடுமோ என்ற பயத்தில் தேவைக்கு மேல் உறக்கத்தில் அழுத்திவைக்கிறோம். குழந்தை அசைந்தவுடன் கை மிடாசோலத்தை நோக்கியே போகிறது. அது வலியா, சிறுநீர்ப்பை நிரம்பியதா, சளி அடைத்ததா, தாயைத் தேடுகிறதா என்று பார்க்க இரவு மூன்று மணிக்கு யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. மிடாசோலம் கூடக்கூட மனக்குழப்பம் வரும் வாய்ப்பும் கூடுகிறது. குழந்தை கண்ணைப் பார்ப்பதில்லை, அம்மாவை அறிவதில்லை, இரவும் பகலும் தலைகீழாகின்றன. அதை வலி என்று எண்ணி மேலும் மருந்தைக் கூட்டுகிறோம், குழப்பம் மேலும் கூடுகிறது.

2015இல் வெளியான ரெஸ்டோர் ஆய்வு, அமெரிக்காவின் 31 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2449 குழந்தைகளிடம் உறக்க மருந்துக்கான, செவிலியர் வழிநடத்தும் நெறிமுறையைச் சோதித்தது. வென்டிலேட்டர் நாட்கள் குறையவில்லை. அதைச் சொல்லி நெறிமுறையே வீண் என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நெறிமுறை பின்பற்றப்பட்ட குழந்தைகள் ஓபியாய்டு பெற்ற நாட்கள் குறைந்தன, குழாயோடு இருந்தபோதே விழித்தும் அமைதியாகவும் இருந்த நேரம் கூடியது. ஒரு குழந்தை விழித்திருந்து அமைதியாகவும் இருக்கிறது என்பதைவிட வலி நீக்கத்துக்கு நல்ல சான்று எது?

தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து ஓடும் குழந்தையிடம் எந்த முகக்குறியும் கிடைக்காது. திடீரென ஏறும் இரத்த அழுத்தம், இதயத்துடிப்பு, கண்ணோரம் வழியும் நீர் இவ்வளவே கையில் இருக்கும். அத்தகைய குழந்தைக்கு வலிமருந்தும் உறக்க மருந்தும் இடைவிடாமல் ஓட வேண்டும்; 'அமைதியாக இருக்கிறது' என்று சொல்லிக் குறைக்கக் கூடாது.

---

மருந்தகம்:

மருந்தாளுநர் என்ற முறையில் மூன்று குறிப்புகள்.

கோடீன் என்னும் வலிமருந்தை மறந்துவிடுங்கள். அது கல்லீரலில் மார்பினாக மாறிய பிறகே வேலைசெய்கிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி சிலரிடம் மிக வேகமாகவும் சிலரிடம் ஏறக்குறைய செயலற்றும் இருக்கும். ஒரே அளவில் ஒரு குழந்தைக்குப் பயனே இருக்காது, இன்னொரு குழந்தைக்கு மூச்சு நின்றுவிடும். அடிநாச்சதை அறுவைக்குப் பிறகு நேர்ந்த இறப்புகளைத் தொடர்ந்து 2013இல் அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை வந்தது; 2017இல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குக் கோடீனும், இன்னொரு ஓபியாய்டான டிரமடாலும் கூடாது என்றாகியது. 'லேசான ஓபியாய்டு' என்ற பெயரை நம்பிக் கொடுப்பதைவிட, எடைக்கேற்ற சிறிய அளவில் மார்பின் கொடுத்துக் கண்காணிப்பது பாதுகாப்பானது.

பாரசிட்டமாலை 'வலித்தால் கொடு' என்று எழுதினால் பெரும்பாலும் கொடுக்கப்படாது. அறுவைக்குப் பிந்திய முதல் இரண்டு நாட்களுக்கு மணிக்கணக்கு வைத்துக் கொடுக்க எழுதுங்கள்: கிலோவுக்கு 15 மி.கி., நாலு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை, நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். பச்சிளங்குழந்தைக்கு அளவு வேறு. மூன்று மாதத்தைக் கடந்த, நீரிழப்போ சிறுநீரகக் கோளாறோ இரத்தக்கசிவு அபாயமோ இல்லாத குழந்தைக்கு இபுபுரோஃபெனும் சேர்ந்தால் ஓபியாய்டின் தேவை குறையும். வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பிரின் கூடாது என்பது எல்லோரும் அறிந்ததே.

மூன்றாவதே நான் அதிகம் கவலைப்படுவது. மருத்துவர் 'ஆறு மில்லி' என்று மட்டும் எழுதுவார். ஐந்து மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப்பில் அது பத்து கிலோ குழந்தைக்குச் சரியான அளவு. அதே ஆறு மில்லியை, ஒரு மில்லியில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்திலிருந்து எடுத்தால் 600 மி.கி. ஆகிவிடும், அதாவது நான்கு மடங்கு. தயவுசெய்து மில்லிகிராமில் எழுதுங்கள். மில்லியை நாங்கள் கணக்கிட்டுத் தருகிறோம். இங்கே பேசப்படும் அளவுகளும் விவாதத்துக்கே. படுக்கையருகே உங்கள் மருத்துவமனையின் நெறிமுறையும் குழந்தையின் எடையும்தான் பேச வேண்டும்.

---

பேசாத மகனின் தந்தை:

என் மகனுக்கு மூளை முடக்குவாதம், பேச்சு இல்லை. இடுப்பு அறுவைக்குப் பிறகு அவனுடைய வலியை முகப்படங்களைக் காட்டிக் கேட்க முயன்றார்கள், அவனால் சுட்டிக்காட்ட முடியாது. வலித்தால் அவன் அழமாட்டான். உடல் விறைக்கும், மூச்சைப் பிடித்துக்கொள்வான், சில வேளைகளில் சிரிப்பதுபோல் முகம் கோணும். 'சிரிக்கிறானே' என்று வார்டில் சொன்னார்கள். அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு ஏதேனும் முறை இருக்கிறதா?

---

வார்டு செவிலி:

இருக்கிறது ஐயா. திருத்தப்பட்ட ஃபிளாக் அளவுகோல் இத்தகைய குழந்தைகளுக்காகவே உருவாக்கப்பட்டது. அந்த ஐந்து தலைப்புகளின் கீழும் அந்தக் குழந்தைக்கே உரிய அடையாளங்களைப் பெற்றோரிடம் கேட்டு எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் மேலே எழுதிய வரிகளையே ஒரு தாளில் எழுதி, அறுவைக்கு முந்தைய நாள் வார்டிலும் மயக்கவியல் மருத்துவரிடமும் கொடுத்துவிடுங்கள்: நலமாக இருக்கும்போது எப்படி இருப்பான், வலித்தால் என்ன செய்வான், எதைச் செய்தால் தேறுவான். இரவுப்பணிக்கு வரும் செவிலியர் அவனை முதன்முறையாகப் பார்ப்பவராக இருப்பார் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். அவனுக்கு வலிப்பு மருந்துகள் இருந்தால், உறக்க மருந்தின் விளைவு கூடலாம் என்பதால் அந்தப் பட்டியலும் தாளில் இருக்கட்டும்.

முகப்படங்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. சில படவரிசைகள் புன்னகையில் தொடங்கிக் கண்ணீரில் முடிகின்றன. வலித்தும் அழாத பிள்ளை கண்ணீர் முகத்தைத் தொடத் தயங்கும். 2001இல் திருத்தி வெளியிடப்பட்ட, ஆறு முகங்கள் கொண்ட வரிசையில் புன்னகையும் இல்லை, கண்ணீரும் இல்லை. நான்கைந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் எனக்கு அதுவே ஒத்துவருகிறது.

---

பழைய கை:

செவிலி அம்மையார் குறிப்பிட்ட ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். மீண்டும் மீண்டும் செய்யவேண்டிய சிகிச்சைகளில் முதல் முறையே வலியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் உங்களுக்கும் ஒரு கேள்வி. பச்சிளங்குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்துமுன் சர்க்கரைக் கரைசல் சொட்டுகிறீர்கள். 2010இல் லான்செட்டில் வந்த ஆய்வில், சர்க்கரை கொடுத்த குழந்தைகளின் முகச்சுளிப்பு குறைந்தது, மூளையில் பதிவான வலிச் சமிக்ஞை குறையவில்லை. மிடாசோலத்தின் மீது நீங்கள் வைக்கும் அதே குற்றச்சாட்டு சர்க்கரைக்கும் பொருந்தாதா?

---

ஐசியு இரவுப்பணி:

மிகச் சரியான கேள்வி, இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அந்த ஆய்வு சிறியது, மற்றப் பல ஆய்வுகள் குழந்தையின் அழுகையும் துடிப்பும் குறைவதைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆனால் நடத்தை அமைதியாவதை வலி நீங்கியதற்குச் சமமாகக் கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கை சர்க்கரைக்கும் பொருந்தவே செய்யும். எங்கள் பிரிவில் குதிகால் குத்தல், ஊசி போன்ற சில நொடி வேலைகளுக்கு மட்டுமே, இரண்டு நிமிடம் முன்னதாக, நாவில் சில சொட்டுகள் விடுகிறோம். தாய் அருகில் இருந்தால் பாலூட்டிக்கொண்டே குத்துவதையும், தோலோடு தோலாக நெஞ்சில் அணைத்திருக்கையில் குத்துவதையும் விரும்புகிறோம். நெஞ்சுக்குழாய் போடுவதற்கோ அறுவைக்கோ அதை வலிமருந்தாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. நாளுக்குப் பலமுறை குத்தும் குறைமாதக் குழந்தையிடத்தில் உண்மையான மருந்து, தேவையற்ற குத்தல்களை நிறுத்துவதுதான். மூன்று பரிசோதனைக்கு மூன்று முறை இரத்தம் எடுப்பதை ஒருமுறையாக மாற்றுவதற்கு எந்தக் கரைசலும் வேண்டாம்.

---

ஒரு தாய்:

விளக்கங்களுக்கு நன்றி. ஒரே மயக்கத்தில் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் ஒன்று: மகளுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்கும் வலிமருந்து கேட்க வேண்டுமா?

---

மயக்கவியல் மருத்துவர்:

வேண்டாம் அம்மா. ஸ்கேனில் வலி இல்லை. அசையாமல் இருப்பதும் அந்த இரைச்சலுக்கு அஞ்சாமல் இருப்பதுமே தேவை. எனவே உறக்கம் மட்டும் போதுமான இடம் அது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் பாலூட்டித் துணியில் சுற்றிப் படுக்கவைத்தாலே பல வேளைகளில் எடுத்துவிடலாம். உங்கள் மகள் விவரம் தெரிந்த வயதினள் என்றால், முந்தைய நாளே அந்த ஒலியைப் போட்டுக் காட்டி, உள்ளே பாட்டுக் கேட்கலாம் என்று சொல்லிப் பழக்கினால் மருந்தே தேவைப்படாமலும் போகலாம். ஸ்கேன் பிரிவில் இதற்கு வசதி உண்டா என்று கேளுங்கள். மருந்து தேவை என்றால் மூக்கில் தெளிக்கும் டெக்ஸ்மெடெடோமிடின் என்னும் உறக்க மருந்து ஒரு வழி. இதயத்துடிப்பு சற்று மந்தமாகும், அதைக் கண்காணிப்பார்கள்.

எந்த மருந்தாக இருந்தாலும், தட்டி எழுப்பியதும் கண் விழித்தாள் என்பதற்காக அழைத்துச் செல்லாதீர்கள். தூண்டாமலே விழித்திருக்கிறாளா, வழக்கம்போல் பேசுகிறாளா, தானாக உட்காருகிறாளா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள். குளோரல் ஹைட்ரேட் போன்ற பழைய உறக்க மருந்துகளின் விளைவு பல மணி நேரம் நீளும். வண்டியில் உறங்கிப்போனால் தலை முன்னால் தொங்கி மூச்சுக்குழாய் மடங்கும். ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் அவளருகில் அமர்ந்து தலையை நேராக வைத்துக்கொள்ளட்டும்.